தீ அணைக்கும் நாள்

ஊர் வாசலில் புல்லை முறுக்கிக் கயிறாகக் கட்டியிருந்தார்கள். இடுப்பு உயரம்தான். ஆட்டுக்குட்டி ஒன்று நினைத்தால் அடியில் நுழைந்து போய்விடலாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முப்பது அடி தூரத்தில் அவர்களுடைய வெள்ளைக் கார் மழையில் நின்றது. ருயிலான் குடையைப் பிடித்துக்கொண்டு கயிற்றையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலை ஏழு மணி.

மாலை ஐந்துக்குள் அவளும் அவள் கணவன் சாங்பினும் லியூசோவில் பதிவு அலுவலகத்தில் நேரில் நின்றாக வேண்டும். விவாகரத்து மனு போட்டால் ஒரு மாதம் ஆறப் போடுவார்கள். அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் இருவரும் சேர்ந்து போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். போகாவிட்டால் மனு தானாகச் செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு தடவை சாங்பின் ஏதோ வேலை என்று தள்ளிப்போட்டான். ஒரு தடவை நத்தை நூடுல்ஸ் கம்பெனியில் அவளுடைய இரவு ஷிஃப்டுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. கடைசி நாள்.

கயிற்றருகே ஓலைத் தொப்பி போட்ட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும் வெளிய போகக் கூடாதும்மா. யாரும் உள்ள வரவும் கூடாது. இன்னைக்குத் தீப்பேயை ஓட்டுற நாள்."

"எங்களுக்கும் உங்க ஊருக்கும் என்னண்ணே சம்பந்தம்? நாங்க வந்து போற ஆளுங்க."

"ராத்திரி இங்க தூங்கினீங்கல்ல? அப்ப ஊர் ஆளுங்கதான்."

"எப்பத் திறப்பீங்க?"

"எல்லா வீட்டையும் பாத்து, சாம்பலை ஆத்துல விட்டதும் திறந்துருவோம். மதியம் ஒரு மணி ஆகும்."

அவள் கணக்குப் போட்டாள். இங்கிருந்து மூன்று மணி நேர ஓட்டம். நாலு மணிக்குப் போய்விடலாம். சரி.

தங்கும் வீட்டுக்குத் திரும்பியபோது சாங்பின் கட்டிலில் உட்கார்ந்து கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான்.

"வாசலை அடைச்சிருக்காங்க. உனக்குத் தெரியுமா?"

"எனக்கு யாரும் சொல்லலையே."

கீழே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி பெய்லியான் நிமிராமலே குரல் கொடுத்தாள். "நேத்து சாயங்காலம் நீங்க பையை இறக்கறப்பவே சொன்னேனே, தம்பி. நாளைக்கு ஊரை அடைப்போம், அவசரம்னா இப்பவே கிளம்பிருங்கன்னு. சரி சரின்னு தலையாட்டினீங்க."

"மழைச் சத்தத்துல சரியாக் கேக்கலக்கா" என்றான் சாங்பின்.

ஒன்பது வருடமாக இதுதான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கதவில் கீறல் விழுந்தால் பழகுகிற பிள்ளை செய்தது. சாவி தொலைந்தால் பூனை தட்டிவிட்டது. அவளுடைய அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்கு வராமல் சீட்டாடிக்கொண்டிருந்ததற்குப் பாலத்தில் நெரிசல். எதையும் பெரிதாகச் செய்ததில்லை அவன். அடித்ததில்லை, வேறொருத்தியிடம் போனதில்லை. 'நான்தான் செய்தேன்' என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. மனுவில் காரணம் எழுதும் இடத்தில் இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் 'மனம் ஒத்துவரவில்லை' என்று எழுதியிருந்தாள்.

இந்தப் பயணம் போன இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்தது. ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது என்றார்கள். வீணாகப் போவதற்குப் பதில் போய்விட்டே வருவோம், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, என்று கிளம்பினார்கள். ஐந்து நாளும் மழை. குயிலினில் மலை இருந்த இடத்தில் வெள்ளைத் துணி தொங்கியது. யாங்ஷுவோவில் ஆறு ஏறிவிட்டது, மூங்கில் தெப்பங்களைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். லோங்ஷெங் படிவயலைப் பார்க்க இரண்டு மணி நேரம் ஏறி மேகத்துக்குள் நின்றார்கள். அங்கே ஒரு கிழவன் பெரிய புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்த மேகத்துக்குப் பின்னாடி இதுதான் இருக்கு, நம்புங்க" என்றான். ஒவ்வொரு விடுதியிலும் ஒரே கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் துண்டில் மடித்த இரண்டு வாத்துகள் கழுத்தைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முதல் நாள் அவள் ஒரு வாத்தைப் பிரித்து முகம் துடைத்தாள். சாங்பின் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதோடு சரி.

இப்போது, திரும்பும் வழியில், இந்த ஊர். மலையிடுக்கில் இருநூறு மரவீடு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. நேற்று இரவே எல்லா அடுப்பிலும் தண்ணீர் ஊற்றியாயிற்று. கரண்டை நிறுத்திவிட்டார்கள். தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாசலில் ஒரு தகரத் தொட்டியில் வாங்கிக்கொண்டார்கள். சாங்பினும் தன் லைட்டரைப் போட்டான். அவள் பார்த்தாள்.

காலைச் சாப்பாடு ஆறிப்போன ஒட்டரிசிச் சோறும் புளிக்க வைத்த மீனும். தேநீர் கிடையாது. ஈரம் எலும்புக்குள் ஏறியது. சன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் இருட்டு. மூன்று பேரும் அணைந்த அடுப்புக்குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், அங்கே சூடு இருப்பதுபோல.

"இவ்வளவு மழையில தீ எங்கக்கா பிடிக்கப்போவுது? தீப்பேயே இந்நேரம் சளி பிடிச்சுப் படுத்திருக்கும்" என்றான் சாங்பின்.

பெய்லியான் சிரித்தாள். "ஆறு வருசத்துக்கு முன்னாடி பிடிச்சப்பவும் இதே மழைதான் தம்பி. கூரை நனைஞ்சிருக்கும், உள்ள காஞ்சுதானே கிடக்கும்? மேல் மாடியில வைக்கோல் பக்கத்துல ஒருத்தன் சிகரெட்டை வெச்சுட்டுத் தூங்கிட்டான். நாப்பத்திமூணு வீடு. இந்த வீடு இருந்த இடத்துல ஒரே ஒரு கல்தொட்டிதான் மிஞ்சிச்சு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள் ருயிலான்.

"என் மாமியார்" என்றாள் பெய்லியான். பிறகு மீன் கிண்ணத்தைத் தள்ளினாள். "சாப்பிடுங்க. நீங்க வேலை பாக்கிற நத்தை நூடுல்ஸ் கம்பெனியைவிட இது நாத்தம் கம்மிதான்."

பதினோரு மணிக்குச் சாங்பின் கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்தான். கால் மணி ஆயிற்று. கழிவறை கீழே. காலடிச் சத்தம் மேலே போயிருந்தது. ருயிலான் ஏணியில் ஏறினாள். இரண்டாம் மாடி தாண்டியதும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

பரணில் நெல்கட்டுகளுக்கு நடுவே அவன் குந்தியிருந்தான். சிகரெட் பாதி முடிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அதை எச்சில் தொட்டு அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னொரு லைட்டர் வெச்சிருந்தியா?"

"கால்சட்டைப் பையில கிடந்திருக்கு. எனக்கே தெரியாது."

"அதுவே பத்திக்கிச்சா?"

கீழே எங்கோ தாளமும் ஆட்களின் கூச்சலும் கேட்டன. வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள்.

"ருயிலான், அந்த அக்கா சொன்னதைக் கேட்டேல்ல? அவங்க மாமியார்..." அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "நான் போய்ச் சொல்லிரட்டுமா?"

அவள் காதில் விழுந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"சொன்னா என்ன ஆகும்?"

"காலைல நீ திரும்பி வந்தப்புறம் நானும் போய் வாசல் ஆளைக் கேட்டேன். யாராவது தீ மூட்டிட்டா இன்னைக்குச் செஞ்சது செல்லாதாம். நாளைக்கு மறுபடி முதல்லேருந்து. அது வரைக்கும் கயிறு அவிழாது."

"அப்ப வாயை மூடு."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"ஒரு மணிக்குத் திறப்பாங்க. அஞ்சு மணிக்குள்ள நாம போயாகணும். ஒன்பது வருசம் வாய் கூசாமப் பொய் சொன்னியே, இன்னும் ரெண்டு மணி நேரம் சொல்ல முடியாதா? உனக்கு இது புதுசா?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு தலையாட்டினான், 'சரி சரி' என்கிற அதே ஆட்டம். அவள் சாரல் வந்தாலும் பரவாயில்லை, புகை நாற்றம் போகட்டும் என்று சன்னலைத் திறந்துவிட்டு, சட்டையைக் கழற்றி உதறச் சொல்லி, ஏணியில் இறங்கினாள்.

பன்னிரண்டுக்கு அவர்கள் வந்தார்கள். ஏழெட்டு ஆண்கள், தலையிலிருந்து மழை சொட்ட. நடுவே பூசைக்காரர் ஷி, ஒல்லியான ஆள், காலில் ரப்பர் பூட்ஸ். ஒருவன் கையில் வைக்கோலில் செய்த சின்னப் படகு. அதில் ஒவ்வொரு வீட்டுச் சாம்பலிலும் ஒரு பிடி. பெய்லியான் அடுப்பிலிருந்து ஒரு பிடி ஈரச் சாம்பல் அள்ளிப் போட்டாள்.

ஷி இலைக்கொத்தால் சுவரைத் தட்டிவிட்டு, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், வீட்டுக்காரி முதலில். ருயிலானுக்கு இது தெரியாது.

"இந்த வீட்டுல தீ அணைஞ்சதா?"

"அணைஞ்சது" என்றாள் பெய்லியான். சந்தேகமே இல்லாமல் சொன்னாள்.

"நீ சொல்லுப்பா. தீ அணைஞ்சதா?"

சாங்பின் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ருயிலான் அவன் காலை மெல்ல மிதித்தாள். மழை கூரையைப் போட்டு அடித்தது.

"அணைஞ்சதா?" ஷி இரண்டாம் முறை கேட்டார்.

"இல்லைங்க ஐயா. நான்தான். பரண்ல சிகரெட் பிடிச்சேன்."

யாரும் கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. படகு வைத்திருந்தவன் அதைக் கீழே வைத்தான். பெய்லியான் ஏணியை அண்ணாந்து பார்த்தாள், பிறகு விறுவிறுவென்று ஏறிப் போனாள். மேலே நெல்கட்டுகளை இழுத்துப் புரட்டும் சத்தம் கேட்டது.

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அதுவும் இன்றைக்கு. ருயிலானுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

ஷி ஈரக் கையால் முகத்தை வழித்துக்கொண்டார். "நாளைக்குத் திரும்பச் செய்யணும். பலி குடுக்க இன்னொரு பன்னி வேணும். தப்பு செஞ்சவன்தான் அக்கரையிலேருந்து தூக்கிட்டு வரணும், அது வழக்கம். கழில கட்டித் தூக்க ரெண்டு தோள் வேணும்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது" என்றாள் ருயிலான்.

அவ்வளவு சுலபமாக வந்தது. எச்சில்கூட விழுங்கத் தேவைப்படவில்லை.

சாங்பின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் ஒரு மணி வந்தது, போனது. மூன்று. நாலு. அவள் சன்னலோரம் உட்கார்ந்து, ஊர் வாசலையும் அதற்கப்பால் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த காரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கயிற்றைத் தாண்டினால் யாரும் அவளை அடிக்கப் போவதில்லை. ஆனால் தனியாகப் போய் என்ன செய்வது? அந்த அலுவலகத்துக்கு இரண்டு பேரும் வேண்டும். ஐந்தரைக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. குறித்த காலத்துக்குள் நேரில் வராததால் மனு திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும்.

பெய்லியான் சோறு கொண்டுவந்து வைத்தாள். போகும்போது நின்றாள்.

"சன்னலை நீங்கதானே திறந்து விட்டீங்க? நெல்லு நனைஞ்சிருச்சு."

ருயிலான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலும் மழைதான். பன்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கூரை போட்ட பாலத்தின் முனையில், கால்கள் கட்டப்பட்டுக் கிடந்தது. சாங்பின் கழியின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். மறுமுனைக்கு ஊர்க்காரன் ஒருவன் வேண்டாவெறுப்பாகக் குனிந்தான். ருயிலான் குடையை மடக்கிப் பலகையில் சாய்த்துவிட்டு ஊர்க்காரனை விலகச் சொல்லித் தானே குனிந்தாள்.

ஷி பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து தெரியாதுன்னு சொன்னியே?"

"தெரியும்" என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு முன்னே நடந்தார். அவர்கள் தூக்கினார்கள். பன்றி கத்திக்கொண்டு ஊசலாடியது, கழி தோளெலும்பில் ஏறி உட்கார்ந்தது. பாலத்துப் பலகைகள் வழுக்கின. ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டியிருந்தது.

"திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குப் போயிரலாம்" என்றான் சாங்பின், முன்னாலிருந்து. "புதுசா மனு போட."

"எட்டரைக்குத்தான் திறப்பாங்க."

"உனக்கு லீவு இருக்கா?"

"எடுக்கணும். நீ கொஞ்சம் மெதுவாப் போ, பாரம் பூரா என் பக்கம் வருது."

"நான்தான் வேகமாப் போயிட்டேன்" என்றான் அவன், மெதுவானான்.