தலைக்கு மேல் நடந்த பூட்ஸ்

சமையலறையின் பழைய லினோலியத்தைப் பெயர்த்து, ஆணிகளைப் பிடுங்கி, மேடு தட்டிய இடங்களைத் தேய்த்து, தரைப்பலகை முழுக்கச் சாணுக்கு ஒரு திருகாணி முடுக்கினேன். மூன்று நாள் வேலை. இடுப்பு கழன்றுவிட்டது. இத்தனைக்குப் பிறகும், அடுப்பு இருந்த பக்கம் மிதித்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம். மறுநாள் டைல் ஒட்டியாக வேண்டும். அசைகிற பலகைமேல் ஒட்டினால் கிறிஸ்துமஸுக்குள் அத்தனையும் விரிசல் விட்டுவிடும்.

சத்தம் சரியாக எங்கே பிறக்கிறதென்று மேலேயிருந்து தெரியாது. ஒருவர் மேலே நடக்க வேண்டும். இன்னொருவர் சமையலறைக்கு அடியில் உள்ள நிலவறையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பலகையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில் எதற்கு மேலே அது எழும்பி அமுங்குகிறதோ, அந்தச் சந்தில் பசை தடவி ஒரு ஆப்பு செருகினால் தீர்ந்தது. எங்கள் வடக்கு மிச்சிகனில் எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். ஆனால் இரண்டு பேர் வேண்டுமே! அங்கேதான் இடித்தது.

என் கணவர் ரேமண்ட் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மகன் டெக்சஸில். நான் யாரிடமும் போய் நிற்கிற ஆளில்லை. டைல் ஒட்ட வாங்கிய சாந்து மூட்டையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். அது தேமே என்று கிடந்தது. மூட்டைக்கு நடக்கவா தெரியும்? நகர்த்தி நகர்த்தி வைத்து, பதினோரு தடவை ஏறி இறங்கினேன். கடைசியில் படியில் உட்கார்ந்து அழுதேன். நடந்து காட்ட இன்னொரு ஜோடிக் கால் இல்லாத வீடும் ஒரு வீடா?

பக்கத்து வீட்டு வெண்டல் ஹார்யுவோடு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. பனி தள்ளும் வண்டியால் தெருவோரம் நட்டிருந்த என் தபால்பெட்டியைச் சாய்த்தார். நான் நடுத்தெருவில் நின்று குருட்டு மாடே என்று கத்தினேன். இப்போது வீம்பை விழுங்கிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன்.

"என்ன வெர்னா, தபால்பெட்டி மறுபடி விழுந்துடுச்சா?"

"வாயை மூடிக்கிட்டு வாய்யா. என் சமையலறையில கொஞ்சம் நடக்கணும்."

"குருட்டு மாட்டுக்கு நடக்க வேற தெரியுமா?"

கேட்டாரே தவிர, கூடவே வந்துவிட்டார். வாசலில் பழக்கப்படி குனிந்து பூட்ஸைக் கழற்றப் போனார்.

"கழட்டாதே. கனமா மிதிச்சாத்தான் கத்தும்."

"பூட்ஸோடயா? எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அடிப்பா!"

நான் டார்ச்சோடு கீழே இறங்கினேன். மேலே தொம் தொம் என்று நடை. முகத்தில் மரத்தூள் கொட்டியது.

"இடது பக்கம் வா... இன்னும் கொஞ்சம்... அங்கேயே நின்னு ஆடு!"

கிறீச். நகக்கனத்துக்கு ஒரு சந்து திறந்து மூடியது. பசை தடவி ஆப்பைச் செருகினேன். மறுபடி ஆடச் சொன்னேன். பலகை மூச்சுக் காட்டவில்லை. மொத்தமே ஐந்து நிமிட வேலை.

போதும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னும் இருக்கு, நட," என்றேன். பச்சைப் பொய்.

டார்ச்சை அணைத்துவிட்டுக் கவிழ்த்த பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்தேன். காலடிகள் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து ஜன்னலுக்குப் போயின, ஜன்னலிலிருந்து திரும்பி வந்தன. என் தலைக்கு மேல் ஒரு மனுஷர் நடந்து மூன்று வருடம் ஆகிறது.

"ஜன்னல் பக்கம் இன்னொரு தடவை போ."

"இங்க ஒண்ணும் கேக்கலியே?"

"எனக்குக் கேக்குது. நீ நட."

நடந்தார். திடீரென்று நடை நின்றது. நிலவறைப் படியின் மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

"வெர்னா, சத்தம் நின்னு அரை மணி நேரம் ஆச்சு."

வெட்கத்தில் காது சுட்டது. அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி சொல்லு, இப்ப எந்தப் பக்கம் நடக்கணும்?"

"எந்தப் பக்கம்னாலும் நட," என்றேன். "கதவுப் பக்கம் மட்டும் போயிடாதய்யா."