வாடகை எண்ணூறு

எங்கள் தெருவில் ஒரு விஷயம் நடந்து அது எனக்குத் தெரியாமல் போனதாக இதுவரை சரித்திரம் கிடையாது. வசந்தகுமாரி எட்டி எட்டிப் பார்க்கிறாள் என்று சிலர் சொல்வார்கள். வேம்புலியம்மாள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவளுக்கு எட்டிப் பார்க்கவே வேண்டாம். அந்த அம்மாள் போனில் பேசினால் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் என் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் போதும்.

வேம்புலிக்கு ஒரே மகன், சரண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்த சேதி எனக்கு வேம்புலி சொல்லித் தெரியவில்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பேனர் வைத்திருந்தார்கள். கோட்டு சூட்டில் சரண். தலை அவனுடையது, உடம்பு யாருடையதோ. பின்னால் ஒரு விமானம், அதற்கும் பின்னால் பனிமலை. "ஜெர்மனியை அதிரவைக்கப் புறப்படும் அண்ணாத்தே" என்று எழுதி, கீழே வாழ்த்துகிறவர்களின் வரிசை. முதல் முகம் அவனுடைய கூட்டாளி கோபி. மலையைவிடப் பெரிதாக இருந்தான்.

விசாரிக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. போனேன்.

"சம்பளம் எவ்ளோ வேம்புலி?"

"ரெண்டு லட்சத்து எம்பதாயிரம்டி வசந்தா. மாசம்!"

"வாடகை?"

"எண்ணூறு."

"எண்ணூறா?"

"எண்ணூறுதாண்டி. வெள்ளைக்காரன் நம்ம ஊரு ஓனருங்க மாதிரி பேராசை புடிச்சவன் இல்ல."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் சரியாக வராத என் போர்ஷனுக்கே பதினாலாயிரம் கொடுக்கிறேன். எங்கள் பக்கம் எண்ணூறு ரூபாய்க்கு ஒரு பைக்கை நிறுத்த இடம் கொடுத்தால் பெரிது.

நடந்தது இவ்வளவுதான். சரண் யூரோவில் வரும் சம்பளத்தை நூறால் பெருக்கி ரூபாயாகச் சொன்னான். வாடகையைப் பெருக்காமல் அப்படியே சொன்னான். பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது. சந்தோஷத்தில் இருப்பவன் வருமானத்தைத்தான் பெருக்குவான், செலவைப் பெருக்க யாருக்குக் கை வரும்? அவன் வாயிலிருந்து வந்த கணக்கைத் தெரு அப்படியே பிடித்துக்கொண்டது. பால் ஒரு ரூபாயாம், கோழி எட்டு ரூபாயாம், ஐந்நூறு ரூபாய் இருந்தால் மாசம் பூராவும் ராஜா மாதிரி சாப்பிடலாமாம். பேசப் பேச எங்களுக்கே பசித்தது.

அந்தக் கணக்கை நம்பித்தான் வேம்புலி இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, லோன் போட்டு மாடி கட்ட ஆரம்பித்தாள். இன்னொன்று, மருமகள் யுவராணியை வேலையை விடச் சொன்னாள்.

"நீயும் கொயந்தயும் கூடவே போய்டுங்க. இவன் தனியா போனா கண்டதைத் துன்னு ஒடம்பக் கெடுத்துக்குவான்."

யுவராணி வெள்ளானூர்ப் பெண். வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்து ஏதாவது கேட்டு நான் பார்த்ததில்லை. வேம்புலியைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் உப்பு டப்பா எந்தப் பக்கம் இருக்க வேண்டும், மருமகள் எத்தனை மணிக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும், பேத்தி தன்ஷிகாவுக்கு எந்தக் காதில் முதலில் தோடு மாட்ட வேண்டும், எல்லாம் அவள் சட்டம்தான். யுவராணி காலேஜ் பஸ்ஸில் ஏறும்போது முகம் ஒரு மாதிரி இருக்கும், இறங்கும்போது வேறு மாதிரி இருக்கும். எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாதா?

அவள் அந்த நல்ல வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சிரித்தாள். எனக்கே புதிதாக இருந்தது.

"அங்க ரெண்டு ரூம் வீடாம் வசந்தாக்கா. நானே பூட்டி நானே திறக்கிற கதவு. நினைச்சுப் பாருங்க."

அப்புறம் தாயும் மகளும் போனில் பார்த்து ஜெர்மன் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் தன்ஷிகா என்னைப் பார்த்து "குட்டன் மோர்கன்" என்றாள். திட்டுகிறாள் என்று நினைத்து அவள் பாட்டியிடம் புகார் சொல்லிவிட்டேன். காலை வணக்கமாம்.

விசா வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேலே தூண்களெல்லாம் ஏறிக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கிண்ணம் நாலு நாளாக என் வீட்டில்தான் இருந்தது, ஆனால் அன்றைக்குத்தான் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சரண், வேம்புலி, பஜ்ஜித் தட்டோடு கோபி. யுவராணி கையில் போனை வைத்துக்கொண்டு மாசச் செலவுக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். அக்கவுண்ட்ஸ்காரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கணக்கு போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா?

"வரி, இன்சூரன்ஸ் எல்லாம் புடிச்சது போக கைக்கு வர்றது ரெண்டாயிரம் யூரோ சொச்சம்" என்றாள்.

"புடிச்சிக்கிறானா? எவன் அவன்?" என்றாள் வேம்புலி.

"அரசாங்கம் அத்தே. அதுல வாடகை எண்ணூறு."

"அதான் எண்ணூறுதானே!"

"எண்ணூறு யூரோ அத்தே. எண்பதாயிரம்."

கோபியின் கையிலிருந்த பஜ்ஜி வாய்க்குப் போகாமல் நின்றது. வேம்புலி மகனைப் பார்த்தாள். மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அதுவும் குளிர் வாடகை" என்றாள் யுவராணி.

"இன்னாது?"

"அங்க ரெண்டு வாடகை சொல்வாங்க. குளிர் வாடகை வெறும் வீட்டுக்கு. ஹீட்டர், தண்ணி, குப்பை எல்லாம் சேர்த்தா சூடு வாடகை. அது ஆயிரம் ஆகும்."

"குளிர் வாடகையே போதும்னு சொல்லு. ஸ்வெட்டர் போட்டுக்கலாம்."

"நம்மூர்ல ஏசி ரூம்னாதான் துட்டு ஜாஸ்தி. அங்க உல்டாவா கீது பாரு மாமே" என்றான் கோபி. சரண் சிரிக்கவில்லை.

"ரேடியோ டிவிக்கு ஒரு கட்டணம்."

"நாம வாங்கவே வேணாம்."

"வாங்கலைன்னாலும் கட்டணும் அத்தே."

"இன்னாடா இது, அநியாயமா கீது! கேக்காத பாட்டுக்குக் காசா?"

கணக்கு இறங்கிக்கொண்டே போனது. சாப்பாடு, கரண்ட், பஸ், குழந்தைக்குக் குளிர்கால பூட்ஸ். குழந்தைக்கென்று அந்த அரசாங்கம் தரும் பணத்தையும் யுவராணி தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்தாள். கடைசியில் நின்ற தொகை மாடி லோனின் மாசத் தவணைக்குப் போதவில்லை. கொஞ்சம்தான் குறைந்தது. நிறையக் குறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தக் கொஞ்சம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அவள் வெட்ட ஆரம்பித்தாள். வெட்டியதெல்லாம் அவள் பக்கத்துச் செலவு.

"எனக்கு பஸ் பாஸ் வேணாம், நடந்துக்குவேன். ஜெர்மன் கிளாஸ் வேணாம், போன்லயே படிச்சுக்கறேன். எனக்குத் தனியா சிம் எதுக்கு?" கணக்கிலிருந்து கறியையும் நீக்கினாள். சரணுக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு நாள் விட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மூச்சு விடுவதையும் குறைத்திருப்பாள்.

அப்போதுதான் வேம்புலி கேட்டாள். அவள் தாழ்ந்த குரலில் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்போ, இவன் மட்டும் தனியா போனா?"

யுவராணி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். சரண் கோபியின் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துப் பிட்டுக்கொண்டிருந்தான். தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். அப்புறம் பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்திருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் கணக்கு போட்டே பழகிய விரல், அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது.

"நாலு பேரோட ரூம் சேர்ந்துகிட்டா... மாசம் லட்ச ரூபா மிச்சம் வரும் அத்தே."

"அப்பறம் இன்னாம்மா" என்றாள் வேம்புலி. குரல் பழைய உயரத்துக்குத் திரும்பிவிட்டது. "நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீயே போட்ட கணக்கு."

"முதல்ல நான் போறேன் யுவா. அப்புறம் கூட்டிக்கறேன்" என்றான் சரண்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை. கூட்டிக் கழித்ததில் தப்பும் இல்லை. அவளே சரிபார்த்ததுதானே? மறுநாள் காலேஜுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாளாம்.

சரண் கிளம்பும்போது பேனர் வெயிலில் வெளுத்துப் பனிமலை மட்டும்தான் தெரிந்தது. அவன் போய் மாசங்கள் ஓடின. மாடி முடிந்தது. யுவராணியும் குழந்தையும் மேலே குடிபோனார்கள். மாடிப்படிக்கு நல்ல கனமான கிரில் கேட் போட்டார்கள். பொம்பளைங்க தனியாக இருக்கிறார்களே என்று பாதுகாப்புக்காம். பூட்டு ஒன்று. சாவி வேம்புலியின் இடுப்பில். தன்ஷிகா பள்ளிக்கூடம் கிளம்பும்போது கிரிலைப் பிடித்துக்கொண்டு "பாட்டி, சாவி" என்று கத்துவாள். குட்டன் மோர்கனெல்லாம் மறந்துபோயிருந்தது.

இதற்குள் யுவராணிக்கு அக்கம்பக்கத்தில் ஒரு பெயர் வந்துவிட்டது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற வீடெல்லாம் அவளைத் தேடி வந்தன. "வேம்புலி மருமவ கணக்கு போட்டா ஒரு பைசா பிசகாது" என்று வேம்புலியே விளம்பரம் பண்ணினாள். யுவராணியும் வந்தவர்களுக்கெல்லாம் குளிர் வாடகை, சூடு வாடகை என்று பிரித்து, ரூபாயில் பெருக்கி, ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன மாசம் ஆவடியிலிருந்து லோகநாயகி என்று ஒரு அம்மாள் மருமகள் காவ்யாவோடு வந்தாள். வேம்புலி கேட்டைத் திறந்து மேலே அனுப்பிவிட்டு, வழக்கப்படி பூட்டிக்கொண்டு போனாள். மேலே நான் மிளகாய் காயப்போட உதவிக்கு இருந்தேன். மிளகாய் கால் கிலோதான்.

"எம் புள்ளைக்கும் ஜெர்மனிதான். சம்பளம் மூணு லட்சம்" என்றாள் லோகநாயகி. "மாசம் எனக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிடணும். இவ வேற கூடப் போறேங்கறா. இன்னா செலவு ஆகும், நீ சொல்லு. உன் வார்த்தைதான் முடிவு."

துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டிருந்த காவ்யா, கடைசியில், "ரெண்டு பேர்னா வாடகை ரொம்ப ஆகுமாக்கா?" என்றாள்.

யுவராணி அவளைப் பார்த்தாள். போனை எடுக்கவே இல்லை.

"எண்ணூறு" என்றாள்.

"எண்ணூறா!" என்றாள் லோகநாயகி.

"எண்ணூறுதாம்மா."

"தனியா போனா?"

"ரூம் பகிர்ந்துகிட்டா கொஞ்சம் கம்மி. ஆனா வெளிய சாப்பிட்டா அது சரியாப் போயிடும். ரெண்டு பேரா அனுப்புங்க."

நான் வாயைத் திறந்தேன். யுவராணி என் பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான். ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன். காம்போடு காயப்போட வேண்டிய மிளகாய் அது.

அவர்கள் கிளம்பினார்கள். "அத்தே, சாவி" என்று யுவராணி குரல் கொடுக்க, வேம்புலி படியேறி வந்து பூட்டில் சாவியை நுழைத்தாள்.

"இன்னா சொன்னா எம் மருமவ? புட்டு புட்டு வெச்சிருப்பாளே!"

"எண்ணூறுதானாம்மே!" என்றாள் லோகநாயகி, வாயெல்லாம் பல்லாக.

சாவி பாதியில் நின்றது. "இன்னாது எண்ணூறு?"

யுவராணி கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காவ்யா மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"கரண்ட் பில்லைச் சொல்றாங்க வேம்புலி" என்றேன். லோகநாயகி குறுக்கிடுவதற்குள் சேர்த்துச் சொன்னேன், "சீக்கிரம் தொற, எனக்கு அடுப்புல குக்கர் கீது."

குக்கரெல்லாம் ஒன்றும் இல்லை. வேம்புலி திறந்தாள். லோகநாயகி இறங்கினாள், பின்னாலேயே காவ்யா, அப்புறம் நான். வேம்புலி மறுபடி பூட்டினாள். காவ்யா இரண்டு இரண்டு படியாக இறங்கித் தெருவுக்கே போய்விட்டாள்.