கட்டிலடிக் கோப்பு

பில்ட் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருக்க, கதவுக்கு இந்தப் பக்கம் அத்தனை பேரும் நாற்காலியில் சாய்ந்து, அது முடியட்டும் என்று காத்துக்கிடந்தார்கள். கடைகளில் பில் அடிக்கும் கருவிக்குள் இருக்கும் மென்பொருளைச் செய்கிற கம்பெனி அது. ஆளாளுக்கு எழுதியதையும் வெளியிலிருந்து இறக்கியதையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டுவதுதான் பில்ட். அது முடிவதற்குள் ஒருத்தன் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு திரும்பி வந்து உட்கார்ந்ததுண்டு. டெஸ்டிங் பெண் ஒரு ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் பில்ட் நேரத்திலேயே பின்னி முடித்திருந்தாள். உடம்புப் பகுதி அடுத்த வெளியீட்டுக்காகக் காத்திருந்தது.

மேனேஜர் தன் அறைக் கதவைத் திறந்தார். அந்த அறையின் குளிரில் வெண்ணெயை வைத்தால் சுத்தியல் கொண்டுதான் உடைக்க வேண்டும். குளிர் முதலில் வெளியே வந்தது. பின்னால் அவர் வந்தார்.

"எல்லாரும் கேளுங்க. திங்கக்கிழமை கஸ்டமரோட ஆடிட்டர் வர்றாரு. அன்னிலேருந்து பில்ட் மெஷினுக்கு வெளி இணைப்பு கிடையாது, ஒயரைப் புடுங்கிடப் போறோம். பில்ட் ஓடுறப்போ அது வெளியிலேருந்து என்னென்ன ஃபைலை இறக்கப்போகுதுன்னு எனக்கு லிஸ்ட் வேணும். ஒண்ணு விடாம. எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து உள்ள வச்சிடணும்."

"யாரு சார் பண்றது?" என்றாள் டெஸ்டிங் பெண், ஊசியை நிறுத்தாமல்.

மேனேஜரின் பார்வை மேலே போய் நின்றது. மேலே இருந்தது ஒட்டடையின் தலை. ஒட்டடைக்குச்சி என்று வைத்த பெயர், கூப்பிட வாய் வலிக்கிறது என்று பாதியாக நறுக்கப்பட்டிருந்தது. அவன் நிற்கும்போது மின்விசிறியைப் போட யாருக்கும் தைரியம் கிடையாது. கான்ட்ராக்ட் ஆள். அவன் கழுத்தில் தொங்குகிற அட்டையின் கயிறுகூட மஞ்சள். நிரந்தர ஆட்களுக்கு நீலம்.

"சரியாப் பண்ணிக் குடு. பெர்மனென்ட் விஷயமா மேல பேசுறேன்."

மேனேஜர் போனதும் டெஸ்டிங் பெண் சொன்னாள்: "பீரோவைத் தூக்கி வைக்கச் சொன்னப்பவும் இதையேதான் சொன்னாரு. பீரோ பெர்மனென்ட் ஆயிடுச்சு, நீ ஆகலை."

வேலை கஷ்டமானதல்ல. பொட்டலம் கட்டுவதற்குச் சமையல் குறிப்பு மாதிரி ஒரு கோப்பு உண்டு. எதை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதை வாசித்து, எதையும் இறக்காமல், முகவரிகளை மட்டும் வரிசையாகச் சொல்ல ஒரு கட்டளை இருந்தது. ஒட்டடை அதைத் தட்டினான். திரையில் முகவரிகள் கொட்டின. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனான். அவன் தேடிய முகவரி வரவில்லை.

அந்த முகவரி அவனுடைய அக்கா வீடு.

அக்காவின் கணவர் இதே கம்பெனியில் பில்ட் வேலை பார்த்தவர். பழைய மாடல் கருவி காகிதத்தைக் கோணலாகக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த காலத்தில், அதைச் சரிசெய்ய ஒரு சின்னக் கோப்பு எழுதினார். அதை வைக்க இடம் கேட்டார். கம்பெனி சர்வரில் இடமில்லை என்றார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்து, தன் வீட்டில் ஒரு கணினிப் பெட்டியை ஓடவிட்டு அதில் வைத்து, அந்த முகவரியைக் குறிப்பில் எழுதிவிட்டார், தற்காலிகமாக. பிறகு அவருடைய சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று ஒரு வாரக் கடைசியில் பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். உடம்பைப் பார்க்கிற காப்பீட்டை அன்றைக்கே நிறுத்தினார்கள்.

பட்டியலில் அது ஏன் வரவில்லை என்பது ஒட்டடைக்குத் தெரியும். அவனுடைய கணினி புது மாடலுக்கு அமைத்தது. குறிப்பில் மாமாவின் வரி, பழைய மாடலாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனைக்குக் கீழே ஒளிந்திருந்தது. பில்ட் எந்திரத்தில் தட்டினால் வரும். ஆனால் மஞ்சள் கயிற்றுக்குக் கண்ணாடிக் கதவு திறக்காது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். மாமா கட்டிலில் கிடந்தார். கால்கள் வீங்கி, பாதங்கள் இரண்டும் தலையணைகளாகி இருந்தன. கட்டிலுக்கடியில் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறியும் அதைப் பார்த்துத்தான் சுற்றியது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு இப்படி ஒருத்தர் விசிறினதில்லை," என்றாள் அக்கா. "ரெண்டாந்தாரத்தைக் கட்டிலுக்கு அடியிலேயே குடி வச்சிருக்காரு."

"பேசாம இருடி. இங்க பாரு மாப்ள, லைட்டு மினுக்குது. இப்பக்கூட எடுக்குறானுங்க. ஒரு பில்ட் நான் இல்லாம நடக்காது." மாமா குனிய முடியாமல் கையால் கட்டிலின் சட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

ஒட்டடை விஷயத்தைச் சொன்னான். மாமா எழுந்து உட்கார்ந்தார். அவர் தானாக எழுந்து உட்கார்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. அக்கா பயந்துபோய்த் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள்.

"லிஸ்ட்ல என்னோடது இல்லையா?"

"என் மெஷின்ல காட்டலை மாமா."

"காட்டலைன்னா எழுதாத."

"மாமா."

"எழுதாத மாப்ள. திங்கக்கிழமை ஒயரைப் புடுங்குவானுங்க. ஆடிட்டர் எதிர்ல பில்ட் போடுவானுங்க. பழைய மாடல் வந்ததும் என் ஃபைலைக் கேக்கும், கிடைக்காது, பொத்துனு விழும். பழைய மாடல் கருவி எத்தனை கடையில இருக்குன்னு நெனைக்கிற? என்னைத்தான் கூப்பிடணும். வேற வழியே கிடையாது." மூச்சு வாங்கியது. "வேலையை மறுபடியும் குடு, காப்பீட்டைக் குடு, ஃபைலைத் தர்றேன்னு சொல்லுவேன். நியாயந்தானே?"

"முன்னாடி இறக்கினது பில்ட் மெஷின் உள்ளயே இருந்துட்டா?"

"எப்படி இருக்கும்? ஒவ்வொரு பில்டுக்கும் முன்னாடி இறக்கினதையெல்லாம் துடைச்சு எடுத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். நான் போட்ட ரூல் அது. பழசோட புதுசு கலந்தா கடைக்காரன் தலைதான் உருளும்னு சண்டை போட்டு வச்ச ரூல்."

அக்கா சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். "டேய், உன் வேலை போயிடாதே?"

"மெஷின் காட்டலைன்னு சொல்லிக்கலாம்க்கா. பொய் இல்லையே."

"அப்ப எழுதாத," என்றாள் அக்கா. சொன்ன வேகத்தில் சொம்பிலிருந்து தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது. காப்பீடு இல்லாத ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துக் கொடுத்து அவள் காதில் துளை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஒட்டடை எழுதவில்லை. பட்டியலைக் கொடுத்தான். மேனேஜர் அதைப் படிக்காமல் எடைபோட்டுப் பார்ப்பவர்போல் கையில் தூக்கிப் பார்த்து, "நல்லா இருக்கு," என்றார்.

திங்கட்கிழமை ஆடிட்டர் வந்தார். சிரிப்பதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறவர் போலிருந்தார். மேனேஜர் பாலம் திறக்கும் அமைச்சரைப்போல் முன்னே போய் ஒயரைப் பிடுங்கினார். சிலர் கைதட்டினார்கள். அன்றைக்கு மட்டும் கண்ணாடிக் கதவை மஞ்சள் கயிற்றுக்கும் திறந்துவிட்டார்கள். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே.

பில்ட் தொடங்கியது. ஒட்டடையின் பையில் போன் அதிர்ந்தது. மாமா. அவன் எடுக்கவில்லை. திரையில் வரிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. புது மாடல் முடிந்து பழைய மாடல் தொடங்கியது. அவன் உள்ளங்கை ஈரத்தில் ஒரு நாற்று நட்டிருக்கலாம். மாமாவின் கோப்பின் பெயர் திரைக்கு வந்தது. பக்கத்தில் ஒரே ஒரு சொல்: உள்ளது. அடுத்த வரி ஏறியது. அதற்கடுத்த வரி. பில்ட் தும்மக்கூட இல்லை. கடைசிவரை போய் முடிந்தது.

ஆடிட்டர் பட்டியலையும் எந்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "இந்த ஒரு ஃபைல் உள்ள இருக்கு. லிஸ்ட்ல இல்லை."

"என் மெஷின் புது மாடலுக்குப் போட்டது சார், அதான் காட்டலை," என்றான் ஒட்டடை. "ஆனா சார், ஒவ்வொரு தடவையும் துடைச்சுட்டுத்தானே ஆரம்பிப்போம். இது எப்படி உள்ள இருக்கு?"

மேனேஜர் வாஞ்சையாகச் சிரித்தார். "உங்க மாமா போட்ட ரூல்தானே? அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பின மறுநாளே அதையும் கும்பிட்டு அனுப்பிட்டேன். அதைச் செஞ்சா பில்ட் நம்ம பேரன் காலத்துலதான் முடியும்."

ஆடிட்டர் கோப்பின் தேதியைச் சுட்டிக் காட்டினார். பூங்கொத்து கொடுத்த வாரத்துத் தேதி. மாமா கடைசியாகத் தன் கையால் ஓட்டிய பில்ட்டில் இறங்கியது. அதற்குப் பிறகு ஒருவரும் அந்த முகவரிப் பக்கம் போகவே இல்லை. அப்படியானால் இத்தனை காலமாகக் கட்டிலுக்கடியில் மினுக்கியது எது? இணையத்தில் திறந்து கிடக்கும் பெட்டிகளைத் தேடி வீடு வீடாகக் கதவைத் தட்டிப் போகிற ஊர்பேர் தெரியாத எந்திரங்கள் உண்டு. அவையாகத்தான் இருக்கும்.

"ஃபைலுக்கு மேல ஒருத்தர் பேர் போட்டிருக்கு," என்றார் ஆடிட்டர். "இவர் யாரு?"

"பழைய ஸ்டாஃப் சார்."

"இப்ப வேலையில இருக்கறவங்க பேர்தான் இருக்கணும். இதுக்கு யார் பொறுப்பு?"

ஒட்டடை வாயைத் திறந்தான். "சார், மாமா இன்னும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. அவரைக் கூப்பிட்டீங்கன்னா..."

"எதுக்குப்பா?" மேனேஜர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "ஃபைல்தான் நம்மகிட்ட இருக்கே. அந்தப் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடு. வெளி முகவரியையும் அழிச்சிடு."

"இவர் கான்ட்ராக்ட்," என்றார் ஆடிட்டர், மஞ்சள் கயிற்றைப் பார்த்து. "பொறுப்பாளர் நிரந்தர ஊழியரா இருக்கணும்."

"ஆக்கிட்டாப் போச்சு," என்றார் மேனேஜர்.

இவ்வளவு காலம் மேலே பேசியும் கிடைக்காத வேலை, ஆடிட்டர் பேனா மூடியைத் திருகுவதற்குள் கிடைத்தது. ஒட்டடையை எந்திரத்தின் முன் உட்காரவைத்தார்கள். மாமாவின் பெயர் மேலே இருந்தது. அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தான். பெயர் பின்பக்கமிருந்து தேய்ந்து, முதலெழுத்து மட்டும் கொஞ்சம் நின்று, அதுவும் போனது. பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவன் தன் பெயரைத் தட்டினான்.

நீலக் கயிறு கொடுத்த பணியாளர் பிரிவு அம்மாளிடம், "காப்பீட்டுல அக்கா வீட்டுக்காரரைச் சேத்துக்கலாமாங்க?" என்று கேட்டான்.

"பெண்டாட்டி, புள்ளை, பெத்தவங்க. அவ்வளவுதான்," என்றாள் அவள். "அக்கா வீட்டுக்காரரை எல்லாம் அக்காதான் பாத்துக்கணும். சீக்கிரம் கல்யாணம் பண்ணுப்பா, பாலிசி வீணாப் போகுது."

வெளியே வரும்போது டெஸ்டிங் பெண் கயிற்றைப் பார்த்தாள். கிண்டலுக்கு வாயைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டருக்குக் குனிந்துகொண்டாள். தெருமுனையில் அவன் கயிற்றைக் கழற்றிச் சுருட்டி, சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

அக்கா வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். அக்கா தரையில் மண்டியிட்டு, கரண்டிக் காம்பைக் குதிகாலுக்குப் பின்னால் செருகி, வீங்கிய பாதத்தை ஒரு கறுப்பு ஷூவுக்குள் நெம்பிக்கொண்டிருந்தாள்.

"போனை எடுக்கக்கூட விடலையா மாப்ள? நான் சொன்னேன்டி, ஆபீசே ரெண்டுபட்டிருக்கும்னு," என்றார் மாமா. "வண்டி அனுப்பியிருக்கானுங்களா, நாமளே போகணுமா?"

ஒட்டடை வாசலிலேயே நின்றான்.

"நின்னு வேடிக்கை பாக்குறியே, வந்து ஒரு கை குடுடா," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். "இந்தக் கால் போக மாட்டேங்குது."

அவன் வந்து மண்டியிட்டான். அக்கா நெம்பிய ஷூவின் நாடாவை முழுக்க உருவித் தளர்த்தினான். பிறகு இன்னொரு ஷூவை எடுத்து, மாமாவின் மறு பாதத்தைப் பிடித்து, உள்ளே தள்ளத் தொடங்கினான். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "அழுத்து, பரவாயில்லை, நல்லா அழுத்து," என்றார்.