மஞ்சளாகிப் போன ஊதா

ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்க்கும் லேபில் ஓர் ஊதாக் கரைசல் உண்டு. அத்தனையும் ஃப்ரீ ராடிக்கல், ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைகிற மூலக்கூறுகள். ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து போய் அந்தக் குறையைத் தீர்த்து அடக்கினால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். ஒரு கம்பெனி சோதிக்கச் சொல்லி அனுப்பிய மூலிகைத் தூளைப் போட்டதும் மஞ்சளானது. ஆனதை ஆனது என்றுதான் எழுதினேன், பொய் ஒன்றும் எழுதவில்லை.

கூடவே அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இது சோதனைக் குழாயில் கிடைத்த முடிவு. உடம்புக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.’ முதலாளி ஸ்ரீரங்கனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“கஸ்டமர் கேட்டது நம்பர், வஜீஹா. உபதேசத்தை யாரும்மா கேட்டா? எங்காத்துலயே இதைத்தான் குடிச்சிண்டிருக்கா.”

“கேன்சர்காரங்க குடிச்சா என்ன சார் ஆகும்? ரேடியேஷன் கட்டியைக் கொல்றதே ஃப்ரீ ராடிக்கலைக் கிளப்பிவிட்டுத்தான். எங்க அத்தாவுக்கு அடுத்த மாசம் ஆரம்பிக்குது. சத்து மாத்திரை எதையும் தொடாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காரு.”

“உங்கப்பாவுக்கு நீ குடுக்காதே. அவ்ளோதானே?”

அந்த வரியை அடித்துவிட்டார். என் கையெழுத்தை மட்டும் விட்டுவைத்தார். நல்ல மனுஷன்!

அத்தாவுக்குத் தொண்டையில் கட்டி. இப்போது அடையாறு ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. நினைத்த அளவு சுருங்கவில்லையே என்று டாக்டர் இன்று உதட்டைப் பிதுக்கினார். சிந்தாதிரிப்பேட்டை வீட்டுக்குத் திரும்பியதும் மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போய் வந்தேன். அத்தா டம்ளரில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே தூள் டப்பா.

“இன்னா அத்தா இது? டாக்டர் வேணாம்னு சொன்னாரா இல்லியா?”

“மாத்திரை தானேம்மா வேணாம்னாரு? இது தூளு.” கரகரத்த குரலில் சிரித்தார். டப்பாவைத் திருப்பிக் காட்டினார். என் ரிப்போர்ட்டைச் சின்னதாக அச்சடித்திருந்தார்கள். “பாரு, உன் கையெழுத்து கீது. தி.நகர்ல கடைக்காரன் கிட்ட காட்டினேன், எம் பொண்ணுன்னு. டாக்டர் பெருசா, நீ பெருசா எனக்கு?”

டம்ளரைப் பிடுங்கினேன். பாதி தரையில் கொட்டியது.

“எப்பலேர்ந்து குடிக்கிறீங்க?”

“மொதல் நாள்லேர்ந்து. ஏம்மா அழுவுற?” அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கண்ணைத் துடைத்துவிட்டார். “ரேடியேஷன் ரூமுக்கு வெளியில குந்திக்கினு இருப்பாங்களே, பாவம், அவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டப்பா வாங்கிக் குடுத்தேன். எம் பொண்ணு கையெழுத்துன்னு சொல்லித்தான் குடுத்தேன்.”