மரநாய் ஆட்டத்தின் உபயதாரர்

அமலி செய்த ஆட்டத்தில் பேய்கள் கிடையாது. சேலம் பொருட்காட்சியில் காசு போட்டு ஆடும் பெட்டி ஒன்றில் அவள் பார்த்த ஆட்டத்தில் இருந்தன. சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும் ஒரு மஞ்சள் வாய், அதைத் துரத்தும் நான்கு பேய்கள். ஏற்காட்டுக்காரிக்குப் பேய் எதற்கு? வாயை மரநாய் ஆக்கினாள். புள்ளிகள் பழுத்த காப்பிப் பழங்களாயின, பேய்கள் மேஸ்திரிகளாயின. சந்துகளெல்லாம் அவள் அப்பா மரியதாஸ் டிராக்டர் ஓட்டும் நாகலூர் எஸ்டேட்டின் பாதைகள். மூலையில் இருக்கும் ஆரஞ்சை மரநாய் தின்றுவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு மேஸ்திரிகள் அதைக் கண்டு ஓடுவார்கள். எஸ்டேட் பிள்ளைகள் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே ஆடின.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மளிகைக் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவள் டீச்சர். கடையும் சென்டரும் சேலத்திலிருந்து மலையேறி வந்த சுப்பிரமணிக்குச் சொந்தம். கம்ப்யூட்டர்கள் அரதப் பழசு. எதைச் சேமிப்பதானாலும் பிளாப்பிதான்.

ஆட்டத்தை அவள் யாருக்கும் விற்கவில்லை. முதல் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'செய்தவர் அமலி, நாகலூர். இலவசம், யாருக்கும் கொடுக்கலாம், பெயரை மட்டும் எடுக்காதீர்கள்.' இத்தனை உழைப்புக்கு அவள் கேட்டது அவ்வளவுதான். அந்தப் பெயரையும் எடுத்தார்கள். யார் எடுத்தது என்று சொன்னால் வயிறு எரியும். அவளேதான் எடுத்தாள்.

கோடை விழாவில் சென்டருக்கு ஒரு ஸ்டால் கிடைத்தது. வருகிறவர்களுக்கு ஆட்டத்தைப் பிளாப்பியில் போட்டுக் கொடுக்கலாம் என்றார் சுப்பிரமணி.

"சும்மாதானே குடுக்கறோம் கண்ணு? அப்ப இது உபயம். 'உபயம் சுப்பிரமணி, ஏற்காடு'ன்னு போட்டுரு."

"எம் பேருக்குக் கீழ போட்டுரட்டுங்களா சார்?"

"உபயத்துல ரெண்டு பேரு இருந்தா நல்லாவா இருக்கும்? கோயில் டியூப் லைட்டைப் பாரு. அதைச் செஞ்சவன் பேரா எழுதியிருக்குது?"

வெளிச்சத்துக்கே இடம் விடாமல் உபயதாரர் பெயர் எழுதும் ஊர் நம்முடையது. அமலி போகும் சர்ச்சிலும் அப்படித்தான். பெஞ்சு முதுகில் வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருக்கும், இழைத்த ஆசாரியின் பெயர் இருக்காது. அதனால் அவர் சொன்னது அவளுக்கு நியாயமாகவே பட்டது. விழாவுக்கு மட்டும்தானே என்று தன் வரியைத் தன் கையாலேயே அழித்தாள். 'உபயம்' என்பதை ஆங்கில எழுத்திலேயே அடித்தாள். தன் பெயரும் ஆட்டத்தின் புரோகிராமும் இருந்த ஒரே பிளாப்பியை மேஜை டிராயரில் பத்திரமாக வைத்தாள். விழாப் பிளாப்பிகளில் ஆட மட்டும்தான் முடியும், எழுதிய புரோகிராம் இருக்காது.

ஸ்டாலில் கூட்டமான கூட்டம். சுற்றுலா வந்தவர்கள் வாங்கிப் போனார்கள், ஊருக்குப் போய் நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். இலவசம் என்று அவள்தானே எழுதியிருந்தாள்!

மழைக்காலத்தில் சேலத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து அவளுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மரநாய் ஆட்டம் செய்தவள் என்று விண்ணப்பத்தில் பெருமையாக எழுதியிருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். திரையில் அவளுடைய மரநாய்!

"நாங்க தினம் ஆடற ஆட்டம்மா இது. இதுல யாரோ சுப்பிரமணி பேருதானே இருக்குது?"

"நான்தாங்க செஞ்சேன்."

"அப்ப அவரு பேரை யாரு போட்டா?"

"அதும் நான்தாங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி நல்லவர்தான். எழுதிய புரோகிராமையாவது அந்த சுப்பிரமணி கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையாவது கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.

மலைக்குத் திரும்பியவள் நேராக மாடியேறி டிராயரைத் திறந்தாள். ஆடியிலிருந்து மூடுபனி விலகாத ஊரில் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும், பிளாப்பி தப்புமா? உள்ளே இருந்த வட்டத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்துப் போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டர் கறகறவென்று இழுத்துவிட்டுப் படிக்க முடியவில்லை என்றது.

கீழே கடையில் சுப்பிரமணி வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், நான்தான் செஞ்சேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்கு வேலை கெடைச்சுருமுங்க."

"மெட்ராசுல இருந்தெல்லாம் எனக்குப் பாராட்டிக் கடுதாசி வருது கண்ணு. இப்பப் போயி நானில்லைன்னு எழுதுனா என்னைத் திருடன்னு சொல்ல மாட்டாங்களா?"

"செஞ்சது நானுங்களே!"

அவர் தராசைக் கீழே வைத்தார். கோபமில்லை, மனம் நொந்தவர் போலத்தான் பேசினார்.

"பொருட்காட்சிப் பொட்டியப் பாத்துத்தானே செஞ்ச? அந்த ஆட்டத்தைச் செஞ்சவன் பேரு என்னன்னு சொல்லு பாப்பம். அவம் பேரை நீ போட்டியா?"

அந்தப் பெட்டியின் முன்னால் அமலி கால் வலிக்க நின்றிருக்கிறாள். செய்தவன் ஒருவன் இருப்பான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. அதற்காக நீங்கள் என் பெயரைத் தின்னலாமா என்று கேட்டிருக்கலாம். மாடிப் படி ஏறும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. திரும்பி இறங்க மனமில்லை.

மாடியில் வகுப்பு இல்லை. உபயப் பிளாப்பியைப் போட்டு ஆட உட்கார்ந்தாள். நாகலூர்ப் பாதைகளில் அவளை மடக்க எந்த மேஸ்திரியாலும் முடியாது. கடைசிப் பழத்தையும் தின்றாள். முதலிடம் பிடித்தவரின் பெயரைக் கேட்டது திரை. கேட்கச் சொல்லி எழுதியதும் அவள்தான். பெயரைச் சேமித்து வைக்க மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள். கம்ப்யூட்டர் ஓடும் வரைக்கும்தான் பட்டியல் நிற்கும்.

'அமலி, நாகலூர்' என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பட்டியலின் உச்சியில் போய் நின்றது பெயர்.

வகுப்பில்லாத நேரத்தில் மாடிக்குக் கரண்டு எதற்கு என்று மெயினை அணைப்பது சுப்பிரமணியின் வழக்கம். கீழேயிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"மேல யாராச்சும் இருக்கீங்களா?"

அமலி பதில் சொல்லவில்லை. அவர் அணைத்துவிட்டார்.