மூன்றாம் மாடிக்கு நீர் ஏறவில்லை

குழாய்க்காரருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. தெருவில் அவர் 'புகைவண்டி'. வால்வைத் திறக்குமுன் ஒரு சிகரெட், மூடியபின் ஒரு சிகரெட். இடையில் பற்றவைப்பது கணக்கில் சேராது என்பது அவருடைய சட்டம். எந்த வீட்டினுள்ளும் அவருடைய இருமலே முதலில் நுழையும். அவர் பின்னால் வருவார்.

சில மாதங்களாக அவருடைய படுக்கையறையில் ஓர் ஊமை அச்சம் குடியேறியிருந்தது. மனம் விழைந்தாலும் உடல் இணங்கவில்லை. களைப்பு என்றார்; வெயில் என்றார்; பின்னர் ஒன்றும் கூறாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலானார். மனைவியோ அம்மௌனத்துக்கு வேறு பொருள் கொண்டாள்.

அன்று காலை தேநீரை அவர்முன் வைத்துவிட்டு அவள் நகராமல் நின்றாள்.

"ஏங்க, என்னைப் பிடிக்கலேன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். உங்க முதுகோட குடும்பம் நடத்த என்னால ஆகாது."

"வேலைக்கு நேரமாச்சு" என்று அவர் எழுந்துவிட்டார். மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி வாங்கிய வீரிய மாத்திரை சட்டைப்பையில் இருந்தது. மருத்துவர் எவரையும் அவர் கேட்கவில்லை. அதனை விழுங்கிவிட்டால் மனைவியின் வாயையும் தம் அச்சத்தையும் ஒருங்கே அடைத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

வேலை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். படியேறும்போதே நெஞ்சின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

பின்னால் கருவிப்பையுடன் வந்த மைத்துனன் சிரித்தான். "என்ன மாமா, மேடு வந்தா வண்டி நின்னுடுது? கரி தீந்துபோச்சா?"

"வாய மூடிட்டு ஏறுடா."

மேலே குழாயில் நீர் நூலாக வடிந்தது. வீட்டுக்காரம்மாள் பெருமையோடு, "நானே பெரிய மோட்டாரா வாங்கி மாட்டிட்டேன். இப்பப் போடறேன் பாருங்க" என்று விசையை அழுத்தினாள்.

அவர் "வேணாம்மா" என்று கூறி முடிப்பதற்குள் மோட்டார் உறுமியது. குளியலறைச் சுவரின் ஈரத்தடம் மெல்ல மெல்லக் கருத்து விரிந்தது. உள்ளே ஏதோ முனகிற்று. மறுகணம் காரை பெயர்ந்து, துருநீர் மூவர் முகத்திலும் அறைந்தது.

மைத்துனன் ஓடிச்சென்று மோட்டாரை நிறுத்தினான். வெடித்த துண்டை அறுத்தெடுத்த புகைவண்டி, தம் வழக்கப்படி அதனைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உட்புறமெங்கும் படிவு, ஊசி நுழையுமளவே துளை.

"கீழ்வீட்டுல நல்லாத்தானே தண்ணி வருது?" என்றாள் அம்மாள்.

எல்லா வீடுகளிலும் கூறுவதையே அவர் கூறலானார். "சின்னக் குழாய்தாம்மா முதல்ல அடைக்கும். பெரிய குழாய்லயும் அதே படிவு ஏறிட்டுத்தான் இருக்கும், வெளிய தெரியாது. இங்க தண்ணி நின்னுச்சுன்னா, அங்கயும் நிக்கப்போகுதுன்னு அர்த்தம். அடைப்ப எடுக்காம மோட்டார வச்சுத் தள்ளினா..."

அவருடைய கை தானாகவே சட்டைப்பையைத் தொட்டது. மாத்திரை அங்கே இருந்தது; அதனருகே சிகரெட் பெட்டி; அவ்விரண்டுக்கும் அடியில், இன்னும் விடாத அந்தக் கட்டைவிரல்.

"தள்ளினா என்ன மாமா?"

"வெடிக்கும்" என்றார், தமக்கே கேளாத குரலில். ஊருக்கெல்லாம் உரைத்த உபதேசம் தம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதை அவர் உணர்ந்தார்.

மீதி வேலையை மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு நண்பகலிலேயே வீடு திரும்பினார். மனைவி துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மாத்திரையையும் சிகரெட் பெட்டியையும் அந்தக் குழாய்த்துண்டையும் அவள்முன் வைத்தார்.

அவள் மாத்திரையை எடுத்துப் பார்த்தாள், முகம் சிவந்தது. "இது யாருக்கு வாங்கினது?"

"உனக்காகத்தான். உன்மேல எந்த வெறுப்பும் இல்லம்மா. எனக்கு முடியல; அதச் சொல்ல வெக்கம். சிகரெட்டு உள்ள இருக்கிற ரத்தக் குழாய எல்லாம் இதோ, இப்படி ஆக்கிடுச்சுன்னு நினைக்கிறேன். சின்னக் குழாய்தான் முதல்ல அடைக்கும், பெருசு அப்புறம்."

அவள் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். துளையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்து, "நெஞ்சு ஏதாவது பண்ணுதா?" என்றாள்.

"படி ஏறினா பிடிக்குது. இன்னைக்கு இன்னும் விடல."

துண்டு அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. சிவந்த துரு கோடாகச் சிந்திற்று.

"இந்த மாத்திரைய நான் போடல. இனிமே சிகரெட்டும் தொடமாட்டேன்" என்றார் அவர். "வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."