கம்ப்யூட்டருக்குத் தைத்த உறை

தையல்காரருக்குக் கணக்கு என்றால் இடுப்பளவு, தோளளவு. அதற்கு மேல் போனால் தலை சுற்றும். அவருக்குப் பிறந்த மகளோ எண்களோடு குடித்தனமே நடத்தினாள். தன் அறைக் கம்ப்யூட்டரில் ஒரே ஓர் எண்ணை மாதக்கணக்கில் ஓடவிட்டிருந்தாள். கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண். அது பகா எண்ணா, இல்லையா என்பதுதான் கேள்வி.

"நாலுல ஆரம்பிக்கணும்பா. அதை அதாலயே பெருக்கி, ரெண்டைக் கழிச்சு, என் பெரிய எண்ணால வகுத்து, மீதியை வச்சுக்கணும். அந்த மீதியை மறுபடி அதே மாதிரி பெருக்கணும். இப்படியே போய்க் கடைசியில மீதி பூஜ்ஜியம் வந்தா பகா எண். நடுவுல ஒரு இடத்துல சறுக்கினா அப்புறம் வர்றதெல்லாம் பொய். ஆனா மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

அவர் பாதி புரிந்துகொண்டு முழுசாகத் தலையாட்டினார்.

விடை வருமுன் மகள் ஒரே ராத்திரிக் காய்ச்சலில் செத்துப்போனாள். கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும், ஓடிக்கொண்டே இருந்தது. மனைவி அந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்தான் தினமும் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அது பகா எண் என்று ஆகிவிட்டால் கண்டுபிடித்தவள் என்று மகள் பெயர் நிற்கும். அவருக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

தூசி படிகிறதே என்று கெட்டித் துணியில், உள்ளே பஞ்சு வைத்து, அளவெடுத்து ஓர் உறை தைத்து மாட்டினார். சும்மா சொல்லக் கூடாது, தையல் அவ்வளவு கச்சிதம். காற்றுப் புக ஓர் இண்டு இடுக்கு விடவில்லை மனுஷன்.

விடை வந்த அன்று மகளின் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பகா எண் இல்லைன்னு வந்திருக்கு அங்கிள்" என்றவள், உறையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். "அய்யோ, இப்படிக் கொதிக்குதே! சூட்டுல நடுவுல நிறைய பிழை விழுந்திருக்குன்னு திரையிலயே காட்டுது. இந்த விடையை யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

"அப்போ பகா எண்ணா இருக்கலாமா?"

"இருக்கலாம். ஆனா இந்த மெஷினை இனி நம்ப முடியாது. வேற யாராவது முதல்லேர்ந்து போட்டுப் பார்க்கணும்."

"வந்துச்சுன்னா யார் பேருக்கும்மா?"

"போட்டுப் பார்த்தவங்க பேருக்குத்தான்." அவள் தரையைப் பார்த்தாள். "இதை யாரு இப்படி மூடினது?"

அவர் உறையைக் கழற்றத் தொடங்கினார்.

"நான்தாம்மா" என்றாள் வாசலில் வந்து நின்ற மனைவி. "தூசின்னு மூடிவச்சேன்."

தோழி போன பிறகு அவர் கேட்டார்: "எதுக்குப் பொய் சொன்னே?"

"புள்ளைக்குக் காய்ச்சல் கொதிச்சப்ப, குளிருதுன்னு கம்பளியைப் போத்திவிட்டு, டாக்டர்கிட்ட காலையில போய்க்கலாம்னு சொன்னவ நான். அதோட இதுவும் கிடக்கட்டும். உங்களால சுமக்க முடியாது."

இல்லை, உன் தப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் இத்தனை நாளும் மனசுக்குள் அவளைத்தான் அவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.